பூசைக்கு ஒரு துளசி, சமையலுக்கு ஒரு துளசி

தோட்டத்து லயங்களின் பின்புறத்தில் ஒரு காலத்தில் என்னென்ன வளர்ந்தன என்று நம் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் அடுக்குவார்கள். முருங்கை, கறிவேப்பிலை, வாழை, பப்பாளி, பசலைக் கீரை, கற்பூரவல்லி, கத்தரி, மிளகாய். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டின் முன்னே ஒரு துளசி. சம்பளம் போதாத மாதங்களில் கறிச்சட்டியைக் காலியாக விடாமல் காத்தவை இந்தப் பின்கட்டுத் தோட்டங்கள்தாம்.

இன்று அந்த லயங்களில் பல இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்றைக்குப் பெரிய கடைவீதிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிறைந்து நிற்கிற சுபாங் ஜெயா, முன்பு சீபீல்டு தோட்டமாக இருந்த நிலம். 1970களில் அங்கே வீடமைப்புத் தொடங்கியது. 1997-இல் நகராண்மைக் கழகம் வந்தது. 2020 அக்டோபர் 20-ஆம் நாள் அது மாநகர் ஆயிற்று. பழைய தோட்டத்தின் பெயர் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயரிலும் கோயிலின் பெயரிலும் வாழ்கிறது.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய குடும்பங்கள் பின்கட்டைக் கையோடு கொண்டு போக முடியவில்லை. முருங்கை மரத்தை ஐந்தாவது மாடிக்கு ஏற்ற முடியுமா? ஆனால் துளசி மட்டும் கூடவே போயிற்று. எந்த அடுக்குமாடி வீட்டு நடையிலும் தமிழர் வீட்டு வாசல் எது என்று தேட வேண்டியதில்லை. ஒரு தொட்டியில் துளசி நின்றால் அதுதான் வீடு.

நாம் கொண்டு போனது குடும்பத்தில் ஒருவரை மட்டுமே. துளசிக்கு உடன்பிறப்புகள் உண்டு. அவை சட்டிக்கும் அம்மிக்கும் ஏற்றவை. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் அவற்றை நாள்தோறும் உண்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்குப் பேசில் என்று பெயர். தோட்டமானாலும் பட்டணமானாலும், இந்தச் சமையல் துளசியை நம் தாய்மார்கள் தெரிந்துகொண்டால் செலவில்லாமல் ருசி சேரும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குடும்பம், நான்கு உறவினர்

துளசி இனத்தை அடையாளம் காண்பது எளிது. தண்டைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். வட்டமாக இராது, நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். புதினாவும் கற்பூரவல்லியும்கூட இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். அதற்குமேல் எது எது என்று பிரித்தறிய மூக்கே போதும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் ஆள் தெரிந்துவிடும்.

முதலாவது, நாம் வணங்கும் துளசி. தண்டில் மெல்லிய மயிர் இருக்கும். கசக்கினால் கிராம்பு மணம் வரும். கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருளே துளசியிலும் இருப்பதுதான் காரணம். மலாய்க்காரர்கள் இதை ரூக்கு என்பார்கள்.

இரண்டாவது, திருநீற்றுப்பச்சிலை. ஊரில் பேச்சு வழக்கில் துன்னூத்துப் பச்சிலை என்பார்கள். பூக்காரர்கள் இதை மாலையில் வைத்துக் கட்டுவதுண்டு. இதன் விதையே சப்ஜா விதை. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதற்குத் தாவரப் பெயர் சூட்டியபோது, அரசனுக்குரியது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லையே சேர்த்துக்கொண்டார். பேசில் என்ற ஆங்கிலப் பெயரும் அங்கிருந்து வந்ததே. இத்தாலியர் சமையலில் போடுவது இந்த இனத்தில் அகன்ற, மிருதுவான இலையுடைய வகை.

மூன்றாவது, அதே இனத்தின் நம் வட்டார வகை. தண்டு ஊதா நிறம், பூவும் ஊதா, இலை சற்றுக் கூர்மை. கசக்கினால் சோம்பு மணம் வரும். மலாயில் செலாசி. தாய்லாந்துக்காரர்கள் ஹோரப்பா என்பார்கள். சீனர்கள் இதன் பூங்கதிர் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்து ஒன்பது அடுக்குக் கோபுரம் என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். தியோச்சியூ மக்கள் வைத்த பெயருக்குப் பொன்னுக்கும் மாற்றாதது என்று பொருள். ஓர் இலைக்கு அவர்கள் தந்த மதிப்பைப் பார்த்தீர்களா!

நான்காவது, கெமாங்கி. வெளிர்பச்சை நிறம், சிறிய மெல்லிய இலை, எலுமிச்சை மணம். இது திருநீற்றுப்பச்சிலையும் நாய்த்துளசியும் கலந்து பிறந்தது. நாய்த்துளசி நம் ஊர்ப்புறங்களில் தானாகவே முளைத்துக் கிடக்கும் செடி.

பசார் மாலாமுக்கோ காலைச் சந்தைக்கோ போகும்போது கட்டுக் கட்டாக இவை இருப்பதைக் காணலாம். பெயர் தெரியாவிட்டால் முகர்ந்து பாருங்கள். கிராம்பு என்றால் துளசி. சோம்பு என்றால் செலாசி. எலுமிச்சை என்றால் கெமாங்கி. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கண்ணைக் கட்டிவிட்டு முகரச் சொன்னால் அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

கும்பிடும் செடியைச் சமைக்கலாமா?

இந்த இடத்தில் பல தாய்மார்களுக்கு ஒரு தயக்கம் வரும். அது நியாயமான தயக்கம். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் துளசி தீர்த்தம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பருகுகிறோம். அதே இலையை வெங்காயம் வதக்கும் சட்டியில் போடுவதா?

போட வேண்டாம். மாடத்துத் துளசி மாடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து சமையலுக்குக் கிள்ள வேண்டிய தேவையே இல்லை. செலாசியும் கெமாங்கியும் வேறு செடிகள். ஒரே வம்சம், ஆனால் தனித்தனிப் பிறவி. எலுமிச்சையும் நாரத்தையும் ஒரு வம்சம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? சமையல் துளசியைத் தனித் தொட்டியில், தனி இடத்தில் வையுங்கள். வாசலில் ஒன்று, சமையலறை ஜன்னல் அருகே ஒன்று. பெரியவர்கள் மனமும் நோகாது, சட்டியும் மணக்கும்.

வேறு நாட்டிலும் இந்த வழக்கம் உண்டு என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். கிரேக்க நாட்டு மாதா கோயில்களில் பேசில் கொத்தைத் தீர்த்தத்தில் தோய்த்து மக்கள் மேல் தெளிக்கிறார்கள். செப்டம்பர் 14-ஆம் நாள் சிலுவைத் திருநாளில் அந்தச் செடிக்குத் தனி மரியாதை. வீட்டு ஜன்னலிலும் வாசற்படியிலும் அதைத் தொட்டியில் வளர்ப்பார்கள். கடல் தாண்டிய இத்தாலியில் அதே செடியை அம்மிக்கல் போன்ற கல்லுரலில் இடித்து உண்கிறார்கள். ஓரிடத்தில் வழிபாடு, ஓரிடத்தில் உணவு. இரண்டுமே அந்த இலைக்குச் செய்யும் மரியாதைதான்.

தமிழ்நாட்டிலும் சளி பிடித்தால் துளசி ரசம் வைக்கும் வீடுகள் உண்டு. தாய்லாந்துக்காரர்களோ துளசியையே கோழியோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். அவரவர் வழக்கம் அவரவருக்கு.

பக்கத்து வீட்டுச் சட்டியில்

நம் நாட்டில் ஒரு நன்மை உண்டு. பக்கத்து வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று மணத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

மலாய்க்காரர்கள் செலாசியைப் பச்சையாகவே உலாமில் வைத்து, பெலாச்சான் சம்பலைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் மீன் குலாயில் ரூக்கு இலை போடுவார்கள். தேங்காய்ப் பாலும் மீனும் சேர்ந்த கனத்த குழம்பை அந்த இலை இலகுவாக்கும். இந்தோனேசியர்கள் மீனை மசாலா தடவி வாழை இலையில் சுற்றி வேகவைக்கும் பெப்பேசில் கெமாங்கி இல்லாமல் இராது. அவர்கள் கடைகளில் பொரித்த கெளுத்தி மீனோடு தட்டோரத்தில் ஒரு கொத்துப் பச்சைக் கெமாங்கியும் வைப்பார்கள்.

ஹாக்கா சீனர்களின் லேய் சா சோற்றைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை, புதினா, செலாசி, நிலக்கடலை, எள் எல்லாவற்றையும் அரைத்து, வெந்நீர் ஊற்றிப் பச்சைச் சாறாக்கிச் சோற்றில் ஊற்றுவார்கள். நாம் ரசம் ஊற்றிச் சாப்பிடுவதைப் போன்றதுதான் அதுவும். தைவான் நாட்டில் எள்ளெண்ணெய், சோயா, அரிசி மது மூன்றும் சேர்த்துச் செய்யும் கோழியில் இந்த இலையை இறுதியில் அள்ளிப் போடுவார்கள். வியட்நாம் நூடல்ஸ் சூப்பிலும் இது உண்டு.

இப்படி நாலா பக்கமும் உண்ணப்படும் இலை நம் சமையலறைக்குள் மட்டும் வராமல் நிற்பானேன்? புதினாவும் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் போதும் என்று நாம் இருந்துவிட்டோம். நம் குழம்புக்கும் துவையலுக்கும் செலாசி ஒத்துப் போகாது என்று எண்ண வேண்டாம். புளிப்பு, காரம், தேங்காய், மீன் ஆகிய நான்கோடும் அது நன்றாகச் சேரும். இந்த நான்கும் இல்லாத தமிழ்ச் சமையல் உண்டா?

அடுப்படியில் நினைவில் வைக்க வேண்டியவை

கறிவேப்பிலையைத் தாளிப்பில் முதலில் போடுகிறோம். செலாசியை அப்படிச் செய்யக் கூடாது. அதன் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க மணம் கூரைக்குப் போகும். சட்டியில் கறுத்த தழைதான் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போட்டு, ஒரு கிளறு கிளறி, மூடி வையுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

இலையைக் கத்தியால் பொடிப் பொடியாக நறுக்க வேண்டாம். நறுக்கிய ஓரம் விரைவில் கறுக்கும். கையால் கிள்ளிப் போடுங்கள். சிறிய இலையானால் முழுதாகவே போடலாம்.

குளிர்பெட்டியில் வைத்தால் கொத்தமல்லி நிற்கும், செலாசி நிற்காது. அது வெப்ப நாட்டுச் செடி. குளிர் பட்டால் இலை கறுத்துச் சோர்ந்துவிடும். சந்தையிலிருந்து வாங்கி வந்தால் தண்டின் நுனியை வெட்டி, பூங்கொத்து வைப்பதைப் போல ஒரு டம்ளர் நீரில் நிற்க வைத்து வெளியிலேயே வையுங்கள். சில நாட்களுக்குப் பசுமை மாறாது.

மூன்று பக்குவங்கள்

செலாசித் துவையல். இத்தாலியில் ஜெனோவா நகரத்தார் பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றை இடித்துப் பெஸ்தோ செய்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் அதுவும் ஒரு துவையல்தான். நம் துவையலுக்கு அந்த விலை உயர்ந்த சரக்கு எதுவும் வேண்டாம்.

இரண்டு கைப்பிடி செலாசி இலை, அரைக் குவளைத் தேங்காய்த் துருவல், ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கு காய்ந்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, தேவையான உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாயையும் பூண்டையும் போட்டுப் புரட்டி, தேங்காயைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே இலையைப் போட்டு இரண்டு முறை புரட்டினால் போதும். ஆறியதும் புளி, உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். தண்ணீர் அதிகம் விட வேண்டாம். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடலாம், தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். தேங்காய் விலை ஏறியிருந்தால் பாதித் தேங்காய்க்குப் பதில் வறுத்த நிலக்கடலை போடுங்கள். ருசி குறையாது.

கெம்போங் மீன் புளிக்குழம்பு. நான்கு கெம்போங் மீனைச் சுத்தம் செய்து மஞ்சளும் உப்பும் தடவி வையுங்கள். ஊறவைத்த காய்ந்த மிளகாய் பத்து, சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு மூன்று பல், சிறு துண்டு மஞ்சள், நகக்கண் அளவு பெலாச்சான் எல்லாவற்றையும் அரையுங்கள். எண்ணெயில் இந்த அரைப்பைப் பச்சை வாடை போய் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இதில் அவசரம் கூடாது. பிறகு எலுமிச்சை அளவு புளியை மூன்று குவளை நீரில் கரைத்து ஊற்றி, தட்டிய செராய்த் தண்டு ஒன்றைப் போட்டுக் கொதிக்க விடுங்கள். ஆறு வெண்டைக்காயையும் நறுக்கிய ஒரு தக்காளியையும் சேர்த்து, அவை பாதி வெந்ததும் மீனைப் போடுங்கள். மீன் வெந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கைப்பிடி செலாசியோ கெமாங்கியோ போட்டு மூடுங்கள். மீனின் கவிச்சு வாடை அடங்கிவிடும். தேங்காய்ப் பால் ஊற்றும் மீன் குழம்புக்கும் இதே முறைதான்.

செலாசிக் கோழி. இது தாய்லாந்துக்காரர்களிடம் கற்றது. காலையில் தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மிகவும் வசதியான கறி, ஏனென்றால் குழம்பு வடியாது. எலும்பில்லாத கோழி 300 கிராம் பொடியாகக் கொத்திக்கொள்ளுங்கள். பூண்டு ஐந்து பல், சிலி பாடி நான்கு இரண்டையும் உரலில் தட்டி, எண்ணெயில் வாசனை வரும்வரை வதக்கி, கோழியைச் சேர்த்து நெருப்பைக் கூட்டிக் கிளறுங்கள். வெந்ததும் ஒரு மேசைக்கரண்டி சோயா கிச்சாப், ஒரு சிட்டிகைச் சர்க்கரை. சோயாவில் உப்பு இருப்பதால் தனியே உப்பு வேண்டாம். அடுப்பை அணைத்து ஒன்றரைக் கைப்பிடி இலை. மேலே ஒரு முட்டையைப் பொரித்து வைத்தால் வேறு கறி தேவையில்லை. கோழி இல்லாத நாளில் தோஃபுவையோ காளானையோ போட்டு இதையே செய்யலாம்.

இவை தவிர, முட்டைப் பொரியலில் நான்கு இலை, நெத்திலிச் சம்பலில் ஒரு கொத்து, தக்காளி ரசத்தை இறக்கும்போது இரண்டு இலை என்று சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு முதலில் கெமாங்கி கொடுத்துப் பாருங்கள். எலுமிச்சை மணம் அவர்களுக்குப் பிடிக்கும்.

விதையின் பயன்

வெயிலில் வேலை செய்து வருகிறவர்களுக்குச் சப்ஜா பானம் ஒரு வரம். ஒரு தேக்கரண்டி விதையை ஒரு குவளை நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால், கறுப்பு விதையைச் சுற்றி வெள்ளைப் பசை கட்டி, பல மடங்கு உப்பிவிடும். நோன்பு மாதத்துச் சந்தைகளில் விற்கும் சிவப்புச் சிரப் பானத்தில் தவளை முட்டை போல மிதப்பது இதுவே. ஊரில் ஃபலூடாவிலும் இதைப் போடுவார்கள்.

ஊறிய விதையை எலுமிச்சைச் சாற்றில் கலந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தால் போதும். சிரப் வேண்டுமானால் அளவோடு ஊற்றுங்கள். விதையில் குளிர்ச்சி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டம்ளர் நிறையச் சர்க்கரை குடிப்பது நல்லதல்ல. காய்ந்த விதையை அப்படியே வாயில் போடக் கூடாது. அது தொண்டையில் ஈரம் பட்டு உப்பி அடைத்துக்கொள்ளும். முழுதாக ஊறிய பிறகே பருக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கொடுக்காமலிருப்பதே பத்திரம்.

ஏன் இவ்வளவு அக்கறை?

ஓர் இலைக்கு இவ்வளவு விளக்கமா என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

2019-இல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பதினெட்டு வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியரிடையே அது முப்பது விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. எல்லா இனத்தாரிலும் நாமே முன்னணியில்! இந்த முன்னணி நமக்கு வேண்டாதது. இரத்த அழுத்தமும் கூடவே வருகிறது. மருத்துவர்கள் உப்பைக் குறை, சர்க்கரையைக் குறை, கீரையைக் கூட்டு என்கிறார்கள். ஆனால் உப்புக் குறைந்த கறியைத் தட்டில் வைத்தால் வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? அந்தத் தொல்லை சமைக்கிற தாய்க்குத்தானே தெரியும்!

மணமுள்ள இலைகள் உதவுவது இங்கேதான். புளிப்பும் காரமும் பச்சிலை மணமும் சேர்ந்தால் உப்புச் சற்றுக் குறைந்ததை நாக்கு கண்டுகொள்வதில்லை. அஜினோமோட்டோ பொட்டலத்தையும் சூப்புக் கட்டியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு கைப்பிடி இலையைப் போட்டுப் பாருங்கள். செலாசி நீரிழிவைத் தீர்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அது உணவு. நல்ல உணவைச் சமைக்க வைக்கும் ஒரு துணை. அவ்வளவே.

டின்னில் வளர்க்கலாம்

பெரிய கடையில் பிளாஸ்டிக் உறையில் விற்கும் சிறு கட்டுக்குக் காசு கொடுப்பதைவிட, ஒரு முறை சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் போதும், அதுவே செடியாகும். நல்ல தண்டு ஒன்றை எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் நீரில் நிற்க வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் விடும். வேர் விரல் நீளம் வந்ததும் மண்ணில் நடலாம்.

பால் மாவு டின், நெய் டின், ஐஸ்கிரீம் டப்பா எதுவானாலும் அடியில் துளை போட்டுக்கொள்ளுங்கள். தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. வெயில் இதற்கு உயிர். நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் படும் இடம் நல்லது. அடுக்குமாடி வீட்டில் காலை வெயிலாவது விழும் பக்கத்தைப் பார்த்து வையுங்கள். நீரைக் காலையில் ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கலாம்; சகதியாக இருக்கக் கூடாது.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். அவற்றையும் கிள்ளினால் நான்கு வரும். கிள்ளக் கிள்ளத்தான் அது அடர்ந்து வளரும். பூங்கதிர் தலைகாட்டினால் உடனே கிள்ளிவிடுங்கள். பூத்துக் காய்த்தால் இலை சிறுத்துவிடும், செடியும் முதிர்ந்துவிடும். விதை வேண்டுமானால் ஒரே ஒரு செடியைப் பூக்க விட்டு, கதிர் காய்ந்ததும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செலாசியும் கெமாங்கியும் பக்கத்தில் பக்கத்தில் பூத்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். அந்த விதையில் முளைக்கும் செடிக்கு மணம் மாறியிருக்கலாம். தண்டு நட்டால் தாய்ச் செடியின் மணம் மாறாது.

சில எச்சரிக்கைகள்

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். தண்டு வைத்த டம்ளரையும் மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு நீர் போதும். டிங்கி காய்ச்சலை நாம் நன்கு அறிவோம். கொசு வளரும் இடத்தை வைத்திருந்தால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு. காய்ச்சல் வந்தால் துளசிக் கசாயத்தோடு நின்றுவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ வந்த டின்னைக் கழுவிவிட்டுச் செடி நடும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. அதைச் செய்யவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவுச் செடிக்கு ஆகாது. மருந்து அடித்த செம்பனைப் பகுதியின் ஓரத்தில் தானாக முளைத்த இலையைப் பறித்து வந்து சமைக்கவும் வேண்டாம். பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை வந்துவிட்டது என்றாலும், மற்ற மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. மருந்து அடித்துவிட்டு வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே வீட்டுச் செடியைத் தொடுவது நல்லது.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தப் பச்சிலையையும் திடீரென்று அதிகமாக உண்ணத் தொடங்கக் கூடாது. செலாசியிலும் கே வைட்டமின் நிறைய உண்டு. மருத்துவரிடம் கேட்டு ஒரே அளவாக உண்ணுங்கள்.

ஒரு தண்டில் தொடங்குவோம்

நிலம் போய்விட்டது என்பது உண்மை. சீபீல்டைப் போல எத்தனையோ தோட்டங்கள் வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டன. பின்கட்டில் எதை நட வேண்டும், எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும், எந்த இலை எந்த மீனுக்குச் சேரும் என்ற அறிவு நம் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் இன்னும் இருக்கிறது. அது பேரப்பிள்ளைகளின் கைக்கு வராவிட்டால், நிலத்துக்குப் பின்னால் அதுவும் போய்விடும். தோட்டப்புறத்தில் இன்னும் ஒரு சாண் மண் இருப்பவர்கள் அதை வெறுமனே விடாதீர்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரு டின்னைத் தேடுங்கள்.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது பேத்தியையும் அழைத்துப் போங்கள். ஊதாத் தண்டுச் செலாசியில் ஒரு கட்டு வாங்குங்கள். பாதியைத் துவையலுக்கு எடுத்துக்கொண்டு, நல்ல தண்டாக மூன்றை அவள் கையாலேயே நீரில் வைக்கச் சொல்லுங்கள். வேர் விட்டதும் ஒன்றை உங்கள் வீட்டில் நடுங்கள், ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். மூன்றாவது, முதல் இரண்டில் ஒன்று பட்டுப் போனால் உதவும்.